போயிட்டு வரேன்னு சொல்ல ஒரு மொழி

"போன்லயே எல்லாம் வந்துருச்சே, அப்புறம் எதுக்குய்யா மெனக்கெட்டு ஜப்பானிய மொழி படிக்கிறே?" இப்படி யாராவது என்னைக் கேட்காத வாரமே இல்லை. நியாயமான கேள்விதான். பலகையைப் படம் பிடிச்சா தமிழ்ல காட்டுது. பேசினா திருப்பிப் பேசுது. பொட்டி தட்டுற தொழில்ல இருந்துக்கிட்டு இதை ஒத்துக்காம இருந்தா, நம்ம தட்டுற பொட்டிக்கே மரியாதை இல்லை. ஒரு வரியில பதில் சொல்ல எனக்கு வரலை. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

ஆரம்பத்துல பெரிய லட்சியம் எல்லாம் கிடையாது. 2022 ஜூன் மாசம் ஆபீஸ்ல ஒரு மடல் வந்துச்சு. ஜப்பானிய மொழி படிச்சுத் தேர்வு பாஸ் பண்ணினா, கட்டின காசைத் திருப்பித் தருவாங்களாம். ஓசின்னா ஓடி வர்ற பரம்பரைல வந்தவன், விடுவேனா? சென்னையில இந்த மொழி சொல்லித் தர இடத்துக்குப் பஞ்சம் இல்லை. ஜப்பான்ல பயிற்சி எடுத்துட்டு வந்தவங்க சேர்ந்து நடத்துற ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் இருக்கு. 'தோசோகாய்'னா பழைய மாணவர் சங்கம்னு அர்த்தம். தனியா வீட்டு மாடியில வகுப்பு எடுக்கிறவங்களும் இருக்காங்க. நான் போனது அப்படி ஒரு மாடி. சனி, ஞாயிறு காலையில ரெண்டரை மணி நேரம். சென்செய் (ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடணும்) நம்ம ஊர் அம்மாதான், ஜப்பான்ல பல வருஷம் இருந்துட்டு வந்தவங்க.

முதல் நாள் 24 பேர். ஹிரகனா 46 எழுத்து முடியுறதுக்குள்ள 20 ஆச்சு. அடுத்து கதகனான்னு இன்னொரு 46, அதே ஒலிகளுக்கு வேற வடிவம், வெளிநாட்டுச் சொற்களுக்காகன்னு சொன்னதும் இன்னும் மூணு பேர் அப்பீட்டு. காஞ்சி எழுத்து வந்ததும் மொத்தமா டரியல். ஜப்பான் அரசாங்கம் அன்றாடப் பயன்பாட்டுக்குன்னு வெச்சிருக்கிற பட்டியல்லயே 2136 காஞ்சி இருக்கு. இதுல ஒரே எழுத்துக்கு சீனத்துல இருந்து வந்த ஒலி ஒண்ணு, உள்ளூர் ஒலி ஒண்ணு. பல எழுத்துக்கு அதுக்கும் மேலயே உண்டு. வருஷக் கடைசியில வகுப்புல மிச்சம் ஏழு பேர்.

ஆனா காஞ்சியில ஒரு சுகமும் இருக்கு. மரத்துக்கு ஒரு படம். ரெண்டு மரம் பக்கத்துல பக்கத்துல போட்டா தோப்பு. மூணு போட்டா காடு. மனுஷன் ஒருத்தன் மரத்துல சாஞ்சு நின்னா 'ஓய்வு'. இதைப் பார்த்த அன்னைக்கு, எங்க ஊரு வேப்பமரத்தடியில துண்டை விரிச்சுப் படுத்திருக்கிற பெருசுங்க எல்லாம் ஒரே எழுத்துல அடங்கிட்டாங்களேன்னு சிரிப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த எழுத்து மறக்கவே இல்லை.

இலக்கணத்துக்கு வந்தா தமிழ்க்காரனுக்கு ராஜ மரியாதை. நம்மளை மாதிரியே வினைச்சொல் கடைசியில. வேற்றுமை உருபு மாதிரி சின்னச் சின்ன ஒட்டு, பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி. அதை விடுங்க, துணைவினையைப் பாருங்க. 'தபெதெ'ன்னா சாப்பிட்டு. 'மிரு'ன்னா பார். 'தபெதெ மிரு'ன்னா சாப்பிட்டுப் பார்! 'கத்தெ'ன்னா வாங்கி, 'ஒகு'ன்னா வை. 'கத்தெ ஒகு'ன்னா வாங்கி வைக்கிறது. 'மொத்தெ குரு'ன்னா கொண்டு வர்றது. 'தபெதெ ஷிமத்தா'ன்னா சாப்பிட்டாச்சு, சாப்பிட்டுட்டேன். வடநாட்டுல இருந்து வந்து எங்ககூடப் படிச்ச பையன் இதையெல்லாம் அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தான். நாங்க தமிழ் ஆளுங்க சும்மா தலையாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். இதுல உச்சம் என்னன்னா, உயிருள்ளது இருக்குன்னு சொல்ல ஜப்பான்ல என்ன சொல் தெரியுமா? 'இரு'. ஆமாங்க, அதே இரு!

இது தற்செயல்தான், உடனே மேடை போட்டுடாதீங்க. சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பானிய அறிஞர் (1919-2008), தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டுன்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதி எல்லாம் அவரோட சேர்ந்து வேலை செஞ்சாங்க. ஆனா மொழியியலாளர்கள்ல பெரும்பாலானவங்க அந்த முடிவை ஏத்துக்கலை. இதே மாதிரி வினை கடைசியில வர்ற, ஒட்டு ஒட்டுற மொழிகள் கொரியன், துருக்கின்னு இன்னும் இருக்கு. அமைப்பு ஒத்துப்போனா சொந்தம்னு ஆகிடாது. ஆனா சொந்தமா இல்லாட்டி என்ன, பக்கத்து வீட்டுக்காரர் நம்மள மாதிரியே சாம்பார் வெச்சா ஒரு சந்தோஷம் வருமே, அது எனக்குப் போதும்.

இன்னொண்ணு. கொரெ, சொரெ, அரெ, தொரெ. பேசுறவன் பக்கத்துல இருந்தா கொரெ, கேட்கிறவன் பக்கத்துல இருந்தா சொரெ, ரெண்டு பேருக்கும் தூரம்னா அரெ, எதுன்னு கேட்க தொரெ. இது, உது, அது, எது! நாம 'உது'வைப் புத்தகத்துல விட்டுட்டோம். யாழ்ப்பாணத்துல இன்னும் பேச்சுல வெச்சிருக்காங்க. வகுப்புல இருந்த ஈழத்துப் பெண் ஒருத்தங்க, "எங்களுக்கு உது சுகம்தானே" அப்படின்னு சொன்னப்போ எங்க மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே.

அப்புறம் இரட்டைக்கிளவி. பளபளன்னா 'பிகபிக'. நெஞ்சு படபடன்னு அடிச்சா 'தொகிதொகி'. பசியில வயிறு ஒட்டினா 'பெகொபெகொ'. புன்சிரிப்புக்கு 'நிகொநிகொ'. நம்ம ஆளுக்கு இதெல்லாம் அல்வா. கஷ்டம் எங்கேன்னா எண்ணிக்கையில. பென்சில் மாதிரி நீளமா இருந்தா இப்பொன், நிஹொன், சன்பொன். காகிதம் மாதிரி தட்டையா இருந்தா இச்சிமாய், நிமாய். கார்னா இச்சிதாய். பூனைன்னா இப்பிகி. "தோசைக்கு எது சென்செய்?"ன்னு நான் கேட்க, அவங்க யோசிச்சுட்டு, "தட்டைதானே, மாய் போடுங்க. இட்லிக்கு கோ"ன்னாங்க. அன்னையில இருந்து எங்க வகுப்புக்குப் பக்கத்து டிபன் கடையில எங்க ஏழு பேரோட கணக்கும் ஜப்பான் கணக்குதான்.

அந்த ஏழு பேரைப் பத்திச் சொல்லியாகணும். நான், காசு திரும்ப வருமேன்னு வந்தவன். அனிமே பார்த்துப் பைத்தியம் ஆன ரெண்டு கல்லூரிப் பிள்ளைங்க. ஒரகடம் பக்கம் ஜப்பான் தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருக்கிற ஒரு அண்ணன். அந்த ஈழத்துப் பெண். ஒரு நர்ஸ் அக்கா. கடைசியா, வேலையில இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, அறுபத்தஞ்சு வயசு இருக்கும்.

நர்ஸ் அக்காவுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. ஜப்பான்ல வயசானவங்க அதிகம், பார்த்துக்க ஆள் பத்தலை. 2019 ஏப்ரல்ல 'தொகுதெய் கினோ'ன்னு, குறிப்பிட்ட தொழில் தெரிஞ்ச வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனி விசா கொண்டு வந்தாங்க. அதுல முதியோர் பராமரிப்பும் ஒண்ணு. அதுக்குப் போகணும்னா மொழித் தேர்வு பாஸ் பண்ணணும், பராமரிப்புக்கான சொற்கள்லயும் தனியா ஒரு தேர்வு. நாங்க "மொக்கை பாடம்டா"ன்னு கொட்டாவி விட்ட பக்கத்தை எல்லாம் அவங்க பேருந்துல நின்னுக்கிட்டே படிச்சுட்டு வருவாங்க. நைட் டூட்டி முடிச்சு நேரா வகுப்புக்கு வந்த நாளெல்லாம் உண்டு.

ஐயா கதை வேற. மகன் ஒஸாகா பக்கம் இருக்கார், ஜப்பானியப் பெண்ணைக் கல்யாணம் பண்ணி அங்கேயே குடும்பம். பேத்திக்கு ஜப்பானிய மொழி மட்டும்தான் வரும். வீடியோவுல தாத்தாவும் பேத்தியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கை ஆட்டுறதோட சரி. "எம்புட்டு நேரம்தான் தம்பி டாட்டா காட்டிக்கிட்டே இருக்கிறது?"ன்னார் ஒரு நாள்.

2023 ஜூலையில வகுப்புல தனபதா விழா கொண்டாடினோம். ஜூலை 7-ம் தேதி. நெசவு செய்யுற பொண்ணும் மாடு மேய்க்கிற பையனும் காதலிச்சு வேலையை மறந்துட்டாங்கன்னு, வானத்து ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தரா பிரிச்சு வெச்சுட்டாங்களாம். வருஷத்துல இந்த ஒரு நாள்தான் சந்திக்கலாம். வேகா, ஆல்டேர்னு நாம சொல்ற ரெண்டு நட்சத்திரம்தான் அவங்க. அன்னைக்கு மூங்கில் கிளையில, வண்ணக் காகிதத்துல ஆசையை எழுதிக் கட்டுவாங்க. சென்செய் எங்கிருந்தோ ஒரு மூங்கில் கிளையைப் பிடிச்சுட்டு வந்து மாடிக் கைப்பிடியில கட்டிட்டாங்க. 'ஆசைப்படுறேன்'ங்கிற பாடம் நாங்க அப்போ முடிச்சிருந்தோம். ஆளுக்கு ஒரு வரி, ஜப்பானிய மொழியில.

நான் தேர்வு பாஸ் ஆகணும்னு எழுதினேன். கல்லூரிப் பிள்ளைங்க தோக்கியோ போகணும்னு எழுதினாங்க. நர்ஸ் அக்கா எழுதினது, 'கடனை அடைக்கணும்'. ஐயா எழுதினது ரெண்டே சொல், 'பேத்தியோட பேசணும்'. சென்செய் ஒவ்வொண்ணா சத்தமா வாசிச்சாங்க. அந்த ரெண்டையும் வாசிச்சப்போ யாரும் சிரிக்கலை, யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. கைப்பிடியில காகிதம் மட்டும் படபடத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு மொழியை எதுக்குப் படிக்கணும்னு ஒரு விளக்கவுரையும் இல்லாம எனக்குப் புரிஞ்சது அன்னைக்குத்தான்.

தேர்வைப் பத்தியும் சொல்லிடுறேன், யாருக்காவது உதவும். ஜேஎல்பிடி 1984-ல தொடங்கினது. 2010-ல இருந்து என்5 தொடங்கி என்1 வரை அஞ்சு நிலை, என்1 தான் உச்சம். இந்தியாவுல ஜூலை, டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை. மொத்தம் 180 மதிப்பெண், என்5-க்கு 80 எடுத்தா போதும், ஆனா ஒவ்வொரு பகுதியிலயும் குறைந்தபட்சம் ஒண்ணு தாண்டணும். முக்கியமான விஷயம், இதுல பேச்சுத் தேர்வே கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கிறதுதான். அதனால சான்றிதழ் கையில இருக்கும், வாயில ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்ட ஆளுங்க நிறைய உண்டு. நான் 2022 டிசம்பர்ல என்5, 2023 டிசம்பர்ல என்4, 2024 டிசம்பர்ல என்3 முடிச்சேன். 2025 ஏப்ரல்ல ஆணி புடுங்க நகோயாவுக்கு அனுப்பிட்டாங்க.

வேலை, ஒரு தொழிற்சாலையோட உதிரிபாகக் கிடங்குக்கான மென்பொருள். மே மாசம் ஒரு கூட்டம். சென்னையில இருந்து எங்க பெரியவர் ஒருத்தர் வந்திருந்தார். திரைகளை எல்லாம் புதுசா மாத்தி செப்டம்பருக்குள்ள தர்றோம்னு அழகா விளக்கினார். அந்தப் பக்கத்து மேலாளர் மூச்சை லேசா இழுத்து, "சொத்தோ முஸுகஷீ தெஸ் நே" அப்படின்னார். பெரியவர் போனைப் பார்த்தார். 'கொஞ்சம் கடினம்'னு வந்திருந்தது. சொல்லுக்குச் சொல் சரிதான். பெரியவருக்கு உற்சாகம் வந்துருச்சு. தேநீர் இடைவேளையில, "கஷ்டம்னா என்னப்பா, நம்ம பசங்க நாலு சனி ஞாயிறு உட்கார்ந்தா முடிச்சிருவாங்க"ன்னார்.

கல்யாணத்துக்கு வரன் பார்க்கப் போற இடத்துல, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுட்டு, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்"னு சொல்லுவாங்க பாருங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு நமக்கு யாராவது அகராதி வாங்கித் தந்தாங்களா? அதே கதைதான் இது. 'கொஞ்சம் கஷ்டம்'னா 'முடியாது'. அவங்க ஊர்ல மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. "சார், அது பொண்ணு வீட்டுக்காரங்க சொல்ற 'கலந்து பேசிட்டு' சார்"னு தமிழ்ல சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம், "சரி, என்ன பிரச்சினைன்னு நீயே கேளு"ன்னார்.

திரும்ப உட்கார்ந்ததும் கேட்டேன். ஏன்னு கேட்கலை. ஏன்னு கேட்டா அது குத்தம் சொல்ற மாதிரி ஆகிடும்னு சென்செய் சொல்லியிருக்காங்க. "தொனொ ஹென் கா முஸுகஷீ தெஷோ கா", அதாவது 'எந்தப் பக்கம் கஷ்டமா இருக்குங்க?'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அந்த மேலாளர் பேச ஆரம்பிச்சார். கிடங்குல இருக்கிறவங்க பாதிப் பேர் அறுபது வயசைத் தாண்டினவங்க. பழைய திரையில எந்த மூலையில எந்தப் பொத்தான் இருக்குன்னு அவங்க கண்ணு பார்க்காது, கை தெரிஞ்சு வெச்சிருக்கு. அதை மாத்தினா பெரியவங்க தடுமாறிப் போவாங்க, அதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலைன்னார். இதை அவர் எந்த ஆவணத்துலயும் எழுதித் தரலை. கடைசியில திரையைத் தொடாம உள்ளே மட்டும் மாத்துறதுன்னு முடிவாச்சு. சென்னையில பத்துப் பன்னிரண்டு பேரோட சனி ஞாயிறு தப்பிச்சது. அவங்களுக்கு இது இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கிடங்குல இருக்கிற பெரியவங்களுக்கும் தெரியாது.

இதோட முடிச்சிருந்தா 'மொழி படிச்சா வேலையில முன்னேறலாம்'னு ஒரு நீதியோட போயிருக்கும். எனக்குச் சொல்ல வந்தது அது இல்லை.

நான் இருந்த குடியிருப்புக்கு ஒரு பராமரிப்பாளர். கன்ரினின்-சான்னு கூப்பிடணும். எழுபது வயசு இருக்கும். காலையில ஏழரைக்கு வாசலைக் கூட்டிக்கிட்டு இருப்பார். வெளியே போற ஒவ்வொருத்தர்கிட்டயும் "இத்தெராஷ்ஷாய்"ம்பார். அதுக்குப் பதில் "இத்தெ கிமஸ்". 'இத்தெ'ன்னா போயிட்டு. 'கிமஸ்'னா வர்றேன். போயிட்டு வரேன்! அவர் சொல்றது 'போயிட்டு வாங்க'. எந்த மொழிபெயர்ப்பும் தேவையில்லாம நேரா நெஞ்சுல வந்து உட்கார்ந்த சொல் இது. எங்க ஊர் மானாமதுரை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது "போறேன்"னு சொன்னா எங்க அப்பத்தா விடாது. "போறேன்னு சொல்லாதய்யா, போயிட்டு வாரேன்னு சொல்லு"ன்னு வாசல்லயே நிறுத்திச் சொல்ல வெச்சு அனுப்பும். தனி அறையில, எங்கிட்ட அப்படிச் சொல்ல ஆள் இல்லாத ஊர்ல, ஒரு பெரியவர் துடைப்பத்தோட நின்னு தினமும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தார்.

ஜூன் மாசம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி அப்பா போன் பண்ணினார். அப்பத்தா தவறிருச்சு.

விடிஞ்சதும் பையோட இறங்கினேன். கன்ரினின்-சான் பையைப் பார்த்துட்டு, பயணமான்னு கேட்டார். "சொபொ கா நகுனரிமஷிதா"ன்னேன். என் பாட்டி இல்லாம போயிட்டாங்க. அவங்களும் 'செத்து'ன்னு சொல்றதில்லை, நம்மளை மாதிரியே. அவர் தொப்பியைக் கழற்றி, துடைப்பத்தைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டு, குனிஞ்சு வணங்கினார். நிமிர ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம், பார்த்துப் பத்திரமா, "இத்தெராஷ்ஷாய்"னார். "இத்தெ கிமஸ்"னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

சிங்கப்பூர் வழியா நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிஞ்சு போயிருந்தது. காரியம் வரை இருந்தேன். உங்களுக்கே தெரியும், துக்க வீட்டுல இருந்து கிளம்பும்போது மட்டும் போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாது. வாசப்படி இறங்கும்போது பழக்கத்துல வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிக்கிட்டேன். அம்மா பார்த்துட்டாங்க, எதுவும் சொல்லலை.

நகோயாவுக்குக் காலையில வந்து சேர்ந்தேன். அவர் கூட்டிக்கிட்டு இருந்தார். வீடு திரும்பினவன் சொல்றது "ததாய்மா". நமக்கு அதுக்குச் சரியான சொல் இல்லை, 'வந்துட்டேன்'னு வெச்சுக்கலாம். நான் சொன்னேன். "ஓகாஎரி நஸாய்"னார். வந்துட்டியாப்பா. அவ்வளவுதான், வேற ஒண்ணும் பேசலை. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினப்புறம்தான் எனக்கு அழுகை வந்துச்சு. ஊர்ல அதுவரைக்கும் வரலை.

ஆகஸ்டுல ஓபொன் விடுமுறை. முன்னோர்கள் வீட்டுக்கு வந்துட்டுப் போறதா நம்புற நாலு நாள், பெரும்பாலான இடங்கள்ல 13-ல இருந்து 16 வரை. நம்ம ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை மாதிரின்னு சொல்லலாம். சில ஊர்கள்ல வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சியில நாலு கால் குத்தி வைப்பாங்க. வெள்ளரி குதிரை, வேகமா வரட்டும்னு. கத்தரி மாடு, திரும்பும்போது மெதுவாப் போகட்டும்னு. இதைக் கேட்டதும் அப்பத்தாவுக்கு எது பிடிக்கும்னு யோசிச்சேன். அதுக்கு வேகம் ஆகாது, கத்தரிதான்.

நகோயாவுல இருந்து பேருந்துல ஒண்ணரை மணி நேரம் போனா கிஃபு மாவட்டத்துல குஜோ ஹச்சிமன்னு ஒரு மலையூர். தெருவுக்குத் தெரு வாய்க்கால், அதுல கண்ணாடி மாதிரி தண்ணி. அங்கே நடக்குற குஜோ ஒதொரி, ஜூலை நடுவுல தொடங்கி செப்டம்பர் ஆரம்பம் வரை முப்பது ராத்திரிக்கு மேல நடக்குற நடனம். ஏறக்குறைய 400 வருஷப் பழக்கம். 2022-ல யுனெஸ்கோவோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல, இது மாதிரி மத்த ஊர் நடனங்களோட சேர்த்துப் போட்டாங்க. ஓபொன் நாலு ராத்திரியும் விடிய விடிய ஆட்டம். இதுல பார்வையாளர், கலைஞர்னு பிரிவினை இல்லை. யார் வேணும்னாலும் உள்ளே புகுந்து ஆடலாம். மரச்செருப்பு தரையில ஒண்ணா அடிக்கிற சத்தம்தான் தாளம். மொத்தம் பத்து ஆட்டம். அதுல 'ஹருகொமா'ன்னு குதிரை ஓட்டுற மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னா தெருவே குதிக்குது.

சுத்துல எனக்கு முன்னாடி யுகதா கட்டின ஒரு பாட்டி. நான் திணறுறதைப் பார்த்துட்டு, ஆட்டத்தை நிறுத்தாமலே, "கை மேல, கால் முன்னால, இப்போ திரும்பு"ன்னு சொல்லித் தர ஆரம்பிச்சாங்க. உள்ளூர்ப் பேச்சு, பாதி புரியலை. மீதி கையில புரிஞ்சது. இந்த இடத்துல போனைப் பத்தி யோசிச்சுப் பாருங்க. ரெண்டு கையும் ஆட்டத்துல இருக்கு. எடுக்க நின்னா பின்னாடி வர்றவர் நம்ம மேல ஏறிடுவார்.

பாட்டு மாறுற இடைவெளியில, எந்த ஊருன்னு கேட்டாங்க. இந்தியாவுல தெற்கேன்னு சொன்னேன். இவ்வளவு தூரம் வந்து எதுக்கு ஆடுறேன்னு கேட்டாங்க. ஜூன்ல பாட்டி இறந்துட்டாங்கன்னு மட்டும் சொன்னேன். தலையாட்டிட்டு, ரொம்பச் சாதாரணமா, இந்த நாலு நாளும் எங்க வீட்டுக்காரர் வீட்டுல இருக்கார், காலையில சோறு வெச்சுட்டுத்தான் வந்தேன்னாங்க. பக்கத்துத் தெருவுக்குப் போனவரைப் பத்திச் சொல்ற மாதிரி. அதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துருச்சு, திரும்பி ஆட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் ஆடினேன். மூணு மணி இருக்கும், வாய்க்கால்ல கையை நனைச்சு மூஞ்சியில அடிச்சுக்கிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

இப்போ முதல்ல கேட்ட கேள்விக்கு வர்றேன். போன் மொழிபெயர்க்கும், நல்லாவே மொழிபெயர்க்கும். மருத்துவமனையில, ரயில் நிலையத்துல நானே அதைத்தான் பயன்படுத்துறேன், அதுல வெட்கம் இல்லை. ஆனா கன்ரினின்-சான் தொப்பியைக் கழற்றினது போன்கிட்ட இல்லை. ஐயாவோட பேத்தி தாத்தா குரலைத்தான் கேட்கணும், அவர் சட்டைப்பையில இருந்து வர்ற குரலை இல்லை.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் அனுபவத்துல இருந்து நாலு வார்த்தை. வகுப்புக்குப் போங்க. தனியா ஆப்ல படிச்சா அலுப்பு வந்த அன்னைக்கே நின்னுடும், வகுப்புல 'நாளைக்கு அந்த அக்கா வருவாங்களே'ங்கிற வெட்கமாவது இழுத்துட்டுப் போகும். நம்ம ஊர்லயே நடக்குற விழாக்களை விடாதீங்க, அங்கேதான் தேர்வுல இல்லாத பேச்சு கிடைக்கும். ஜப்பானிய மொழின்னா உரைநடைத் தமிழ், பேச்சுத் தமிழ் மாதிரி அங்கேயும் ரெண்டு உண்டு, மரியாதைப் பேச்சு அதுக்கு மேல ஒண்ணு. நமக்கு அது பழகின கதைதான், பயப்படாதீங்க. பயணம் போனா பெரிய ஊரை விட்டு ஒரு சின்ன ஊருக்கும் போங்க.

நர்ஸ் அக்கா இப்போ ஷிஸுஓகா பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல இருக்காங்க. கடன்ல பாதி அடைஞ்சுடுச்சாம். ஐயா போன பொங்கலுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பேத்தியோட வாரா வாரம் பேசுறாராம். அவ பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்றா, பாதிதான் புரியுது, மீதியை மறுபடி சொல்லச் சொல்லி வாங்கிக்கிறேன்னு எழுதியிருந்தார். அவரைத் திருத்துறதுன்னா அவளுக்கு ஏகக் கொண்டாட்டமாம்.

சரி, ஆணி கூப்பிடுது. போயிட்டு வரேன் மக்களே.